அண்ணாவியிடம் ஒரு வார்த்தை

ஐயம்பெருமாள் பிள்ளையை நல்ல மனுஷன் என்று சொல்லாதவர்கள் ஆழ்வார்குறிச்சியில் கிடையாது. சொல்ல மாட்டார்களா பின்னே? கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறவரை ஊர் வேறு என்னவென்று சொல்லும்? வண்டி கேட்டால் வண்டி, மாடு கேட்டால் மாடு. வாய்க்காலில் இவருடைய முறைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வயல் பரமசிவன் பிள்ளை மண்வெட்டியோடு வந்து மடையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். இவர் வரப்பில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "என்ன வே, பாக்கீரு?" என்று அவர் கேட்டால், "இல்ல அண்ணாச்சி, சும்மாதான்" என்பார். சும்மாவாம். அந்த வருஷம் கார் போகத்து நெல்லில் மேல வயல் பாதி பதராக, சாவியாகப் போனதும் சும்மாதான்.

இதற்காக அவருடைய சம்சாரம் ஞானம்பாள் கத்தாத கத்தல் இல்லை. ஆனால் நான் சொல்ல வந்தது தண்ணீர் விவகாரம் அல்ல, பள்ளிக்கூட விவகாரம். மணியாச்சி ரயிலடியில் கலெக்டர் துரையைச் சுட்டார்களே, அந்த வருஷத்துப் புரட்டாசி மாதம் அது. மகன் ஆவுடைநாயகத்துக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. பிள்ளைக்கு ஏடு தொடங்குவது ஒற்றைப்படை வயதில்தான். மூன்றில் தொடங்கியிருக்க வேண்டும், அப்போது அம்மை போட்டுவிட்டது. நாலு ஆகாது. ஐந்தைத் தவறவிட்டால் ஆறும் ஆகாது, ஏழுக்குக் காத்திருக்க வேண்டும். அதுவும் விஜயதசமியன்றுதான் தொடங்க வேண்டும். அதற்குள் பையனை எங்கே விடுவது என்று முடிவாக வேண்டும்.

முடிவாக என்ன இருக்கிறது, அண்ணாவியிடம்தான் என்றது தெரு. வாத்தியாரை எங்கள் பக்கம் அப்போதெல்லாம் அண்ணாவி என்றுதான் சொல்வது. தாணுமாலைய அண்ணாவி பிள்ளையார் கோவில் மடத்தில் மணலைப் பரப்பிப் பிள்ளைகளை உட்காரவைத்திருப்பார். வெள்ளென வர வேண்டும். முதலில் வருகிறவனுக்கு வேத்தான் என்று பேர். அவன் உள்ளங்கையைப் பிரம்பு சும்மா தொட்டுவிட்டுப் போகும். அடுத்து வருகிறவனுக்கு ஓர் அடி, அதற்கடுத்தவனுக்கு இரண்டு, இப்படியே வருகிற வரிசைக்குத் தக்க ஏறிக்கொண்டு போகும். பாடம் வந்ததா, குறும்பு செய்தானா என்ற கேள்வியே அதில் கிடையாது. வந்ததும் வலது கையை நீட்ட வேண்டியது, வாங்கிக்கொள்ள வேண்டியது, போய் மணலில் உட்கார வேண்டியது. யாரும் கேட்கக்கூட வேண்டாம், கை தானே நீளும்.

ஐயம்பெருமாள் பிள்ளை தூக்கத்துக்கென்றே பிறந்தவர். படித்த காலமெல்லாம் கடைசி ஆளாகத்தான் மடத்துக்குள் நுழைந்திருக்கிறார். என்ன வாங்கியிருப்பார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது நாற்பதை நெருங்குகிறது, மீசை நரைக்கிறது. இன்றைக்கும் தெருவில் அண்ணாவியின் மிதியடிச் சத்தம் கேட்டால் வாயில் போட்ட வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நிற்பார். கல்யாணமான புதிதில் ஞானம்பாள் அதை மரியாதை என்று நினைத்தாள். போகப் போகத்தான் புரிந்தது. பரமசிவன் பிள்ளை மண்வெட்டியைத் தூக்கும்போதும் மனுஷன் இதே மாதிரிதான் நிற்கிறார் என்று கண்டுகொண்டாள்.

"இவுக முதுகெலும்ப அந்த மடத்து மணல்லதான் புதைச்சு வச்சிருக்காவ. எம்பிள்ளையோடதையும் கொண்டுபோய்ப் புதைக்க நான் விடமாட்டேன்" என்று அடுக்களையில் பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாத்திரங்களும் நங்நங்கென்று பதில் சொல்லும்.

வேறு பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது என்பது அவளுக்குக் களத்தில்தான் தெரிந்தது. கார் அறுப்பு முடிந்து பொலி தூற்றிக்கொண்டிருந்தார்கள். காற்று வருவேனா என்றது. மேற்கே மலைக்கு மேல் கருமேகம் கட்டுவதும் கலைவதுமாக இருந்தது. நெல் நனைந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லோருக்கும் எரிச்சல். ஞானம்பாள் ஆட்களுக்குக் கஞ்சியும் ஊறுகாயும் கொண்டுபோயிருந்தாள். வைக்கோல் நிழலில், கூலி வேலைக்கு வரும் மாரித்தாயின் மகள், ஆறு வயதுச் சிறுக்கி, புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாக ஒதுக்கி ஏதோ ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி மாரித்தாயி, ஒம்மவ என்னத்தப் பாடுதா?"

"கணக்குப் பாடுதா தாயி. ஆத்துக்கு அக்கரையில மிஷன் பள்ளிக்கூடம் இருக்குல்லா, அங்கன சின்னப் பிள்ளையளுக்குன்னு தனியா ஒரு வகுப்பு வச்சிருக்காவ. பாட்டாவே எல்லாம் சொல்லிக் குடுக்காவ."

"அடிப்பாவளா?"

"அடிச்சா இந்த மூதி போவாளா? எனக்கு முந்தி எந்திரிச்சு ஓடுதா. ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடம் இல்லன்னு அழுதா தாயி, அழுதா!"

பள்ளிக்கூடம் இல்லையென்று அழுகிற பிள்ளையை ஞானம்பாள் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. கஞ்சிக் கலயத்தை அப்படியே வைத்துவிட்டு அந்தச் சிறுக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சிவசைலத்தில் சாமி கும்பிட்டு வருகிறேன் என்று சொல்லி மகனையும் தூக்கிக்கொண்டு வண்டியேறினாள். சாமியும் கும்பிட்டாள், பொய் சொல்லக்கூடாது. திரும்பும் வழியில் அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஓலைக் கொட்டகை, சாணி மெழுகிய தரை. சின்ன வகுப்பு வாத்தியாரம்மா பேர் தேவமணி, சாத்தான்குளத்துக்காரி. ஒல்லியாக, வெள்ளைச் சேலையும் கை நீளச் சட்டையுமாக இருந்தாள். பிள்ளைகள் அவள் சேலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை.

"இவனுக்கு அஞ்சு நடக்கு. சேத்துக்கிடுவியளா?"

"சேத்துக்கிடாம? ஒம்பேரு என்னய்யா?"

ஆவுடை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டான். வாத்தியாரம்மா வற்புறுத்தவில்லை. ஒரு கை களிமண்ணை எடுத்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் தரையில் உட்கார்ந்து மண்ணில் மாடு செய்துகொண்டிருந்தான்.

ஞானம்பாளின் கண் பாயில் போய் நின்றது. நீளமான கோரைப் பாய் ஒன்று. மாரித்தாயின் மகள் அதில் நடுவில் உட்கார்ந்து இவளைப் பார்த்துப் பல்லைக் காட்டினாள்.

"எல்லாருக்கும் இந்த ஒரு பாய்தானா?" என்று கேட்டாள். கேட்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

"ஒரே பாய்தாம்மா. தண்ணிப் பானையும் ஒண்ணுதான். முன்னாடியே சொல்லிருதேன், பொறவு சண்டைக்கு வரப்பிடாது பாருங்க."

"கிறிஸ்து வேதத்துல சேத்திருவாவன்னு சொல்லுதாவளே?"

"காலையில செபம் உண்டு, பாட்டு உண்டு. ஒங்க பிள்ள கூட நின்னு வாயசைச்சா வேதத்துல சேந்ததா ஆயிராது. என்ன சேப்பாவ இவன? மூக்க ஒழுங்காச் சிந்தத் தெரியல."

ஞானம்பாளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பானை உறுத்தியது. பிறந்ததிலிருந்து பழகியது ஒரு நாளில் போய்விடுமா? "நான் அவனுக்குன்னு ஒரு செம்புல தண்ணி குடுத்துவிடுதேன்" என்றாள்.

"குடுத்துவிடுங்க. ரெண்டு நாளு கொண்டு வருவான், மூணாம் நாளு மறந்திருவான். தாகம் எடுத்தா நான் என்ன செய்ய, சொல்லுங்க?"

ஞானம்பாள் பேச்சை மாற்றினாள். "விஜயதசமியன்னைக்குக் கூட்டிட்டு வாறேன், அன்னைக்கு வகுப்பு உண்டுமா?" என்று கேட்டாள். உண்டு என்று சொன்னாள் வாத்தியாரம்மா.

அன்று சாயங்காலம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்தாள். ஐயம்பெருமாள் பிள்ளைக்கு அது உயிர். அவர் நல்லெண்ணெயை ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் சாப்பிடும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னாள். மூன்றாவது வாய் கையிலேயே நின்றுவிட்டது.

"அங்கன எல்லாச் சாதியும்லா ஒண்ணா இருக்கும்? தெருவுல என்ன சொல்லுவாவ?"

"சொல்லட்டும். நம்ம பங்குத் தண்ணி போகும்போது தெருவு வந்து ஒரு வார்த்த கேட்டுதா?"

"அதுக்கும் இதுக்கும் என்னட்டி சம்பந்தம்?"

"ரெண்டும் ஒண்ணுதான். ஒங்களுக்குத்தான் தெரியல."

அவர் சோற்றை மறுபடியும் பிசைந்தார். பிறகு பைய, "அடி கெடையாதாமா?" என்று கேட்டார்.

"கெடையாது. நான் கண்ணால பாத்துட்டு வந்தேன்."

"அப்பம் சரி. விட்டிருவோம்" என்றார். ஞானம்பாள் இன்னும் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினாள். ஆனால் விவகாரம் அங்கேதானே இருந்தது! தெருப்பிள்ளை வேறு பள்ளிக்கூடம் போவதென்றால் அண்ணாவியிடம் முதலில் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் அவர் விஜயதசமியன்று பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு ஊர்வலமாக வாசலுக்கு வந்து நிற்பார். பொம்பிளை மடத்துக்குப் போய்ப் பேசுகிற வழக்கம் கிடையாது. வீட்டு ஆண்பிள்ளைதான் சொல்ல வேண்டும். யார் அந்த ஆண்பிள்ளை? இவர்தான்!

மறுநாள் காலையில் போனார். வெயில் ஏறித் திரும்பி வந்தார்.

"சொன்னீயளா?"

"போனேன். மடத்துல கூரை ஒழுகுதாம்."

"நான் கேட்டது கூரையவா?"

"அதைப் பத்தித்தான் பேச்சு வந்துது. ரெண்டு கட்டுப் பனையோல அனுப்புதேன்னு சொல்லிட்டு வந்தேன்."

ஞானம்பாள் அம்மியில் இருந்த தேங்காயை அது பாலாகும்வரை அரைத்தாள்.

அடுத்த நாள் ஒரு பூசணிக்காயைக் கையில் கொடுத்து அனுப்பினாள். வெறுங்கையோடு போனதால்தான் வாய் வரவில்லையோ என்று ஒரு நப்பாசை. "மொதல்லயே சொல்லிருங்க. உக்காரச் சொன்னாலும் உக்காராதீங்க" என்று நாலு தரம் படித்துப் படித்துச் சொன்னாள். அவரும் வழியெல்லாம் உதட்டை அசைத்துக்கொண்டே போனதைத் தெருவில் பார்த்தவர்கள் உண்டு. திரும்பி வந்தபோது கையில் ஒரு பனையோலை ஏடு இருந்தது. புதிதாக வாரி, மஞ்சள் தடவி, அகர வரிசை எழுதியிருந்தது.

"இது என்னது?"

"ஏடு. நம்ம பிள்ளைக்குன்னு அவுகளே ஒக்காந்து எழுதியிருக்காவ. நான் 'அண்ணாவி, ஒரு சங்கதி'ன்னு ஆரம்பிச்சேன். 'ஏலே, விஜயதசமிக்கு வெள்ளென வந்துருதேன், அதானே?'ன்னுட்டாவ."

"நீங்க என்ன சொன்னிய?"

"ஆமான்னேன்."

"ஆமான்னியளா!" ஞானம்பாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஏங்க, ஒங்களுக்கு என்னதான் செய்யுது? அவுக ஒங்கள விழுங்கிருவாவளா? எழுபது வயசுக் கெழவரு. ஊதினா விழுந்திருவாரு."

"தெரியலட்டி. மடத்துக்குள்ள கால வச்சதும் நாக்கு ஒட்டிக்கிடுது. நான் என்ன செய்யட்டும்?"

அவர் அதைச் சொன்ன விதத்தில் அவளுக்குக் கோபப்படக்கூட முடியவில்லை. ஏட்டைக் கிழித்து அடுப்பில் போட வேண்டும்போல் இருந்தது. எழுத்து எழுதிய ஏட்டை அடுப்பில் போட முடியுமா? கொலுவில் கொண்டுபோய்ச் சரசுவதி முன்னால் வைத்தாள். வைத்துவிட்டுக் கும்பிடவும் வேண்டியிருந்தது. அந்த எரிச்சல் வேறு.

சரசுவதி பூசையன்று களத்துக் கூலி வாங்க மாரித்தாய் வந்தாள். சுண்டலை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டே, "தம்பி நாளைக்கு வருதாவளா தாயி? எம்மவ பாயில இடம் பிடிச்சு வைக்கேன்னு சொல்லுதா" என்றாள்.

"பாயில இடம் கெடக்கட்டும். இங்கன வாசலத் தாண்டணுமே."

"அய்யாவ நம்பாதீக தாயி. நீங்களே வாசல்ல நின்னு சொல்லிருங்க. மிஞ்சிப் போனா என்ன செய்வாவ?"

விஜயதசமி விடிந்தபோது பயங்கரப் புழுக்கம். ஞானம்பாள் எழுந்து பார்த்தால் கணவரைக் காணவில்லை. அடுத்த போகமான பிசானத்துக்கு நாற்றங்கால் வெட்டப் போய்விட்டாராம், கொடியில் துண்டையும் காணோம், மூலையில் மண்வெட்டியையும் காணோம். நல்ல நாளும் பெரிய நாளுமாக எவனாவது நாற்றங்கால் வெட்டுவானா? அவளுக்குத் தெரியாதா என்ன? ஓடி ஒளிந்திருக்கிறார். சரி, போகட்டும் என்று பிள்ளையைக் குளிப்பாட்டிப் பட்டுக்கரை வேட்டி கட்டிவிட்டாள். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பித் தானே அவன் விரலைப் பிடித்து எழுதவைத்தாள். அவளுக்குத் தெரிந்த எழுத்து பிள்ளையார் சுழி ஒன்றுதான். அதையே எழுதினார்கள். ஒரு சின்னச் செம்பைத் துலக்கித் தண்ணீர் நிரப்பி நடையில் வைத்தாள். வண்டியும் வாசலில் நின்றது.

அப்போது தெருமுனையில் பிள்ளைகளின் பாட்டுச் சத்தம் கேட்டது.

முன்னால் அண்ணாவி, பின்னால் தெருவடைத்துப் பிள்ளைகள். கக்கத்தில் பிரம்பு. முந்தின நாள் பூசையில் வைத்த சந்தனமும் குங்குமமும் அதில் காயாமல் இருந்தன. புதுப்பிள்ளையைத் தோளில் தூக்கிப் போக ஒரு தடிப்பயல் தயாராக வந்திருந்தான். அண்ணாவி மிதியடியை வாசலில் கழற்றினார்.

"என்னம்மா, பிள்ளையக் குளிப்பாட்டியாச்சா?"

ஞானம்பாள் நடையில் நின்றாள்.  கொலுவிலிருந்து ஏட்டை எடுத்து வந்து வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்து நீட்டினாள்.

"குளிப்பாட்டியாச்சுங்க. ஆனா மடத்துக்கு அனுப்பல. அக்கரைப் பள்ளிக்கூடத்துல விடப் போறோம். மன்னிச்சுக்கிடணும். இந்த ஏட்ட நீங்களே வாங்கிக்கிடுங்க."

பாட்டு நின்றுவிட்டது. எதிர்வீட்டு வாசலில் ஆட்கள் கூடினார்கள். அண்ணாவி ஏட்டைத் தொடவில்லை. அவர் முகம் கறுத்தது. அவரையும் குறை சொல்ல முடியாது, கண் சரியாகத் தெரியாத வயதில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

"ஐயம்பெருமாளு ஆமான்னானே?"

"அவுக எல்லாத்துக்கும் ஆமாம்பாவ."

"நான் இத ஒங்கையில குடுக்கல தாயி. அவன் கையில குடுத்தேன். அவன் கையாலயே எனக்கு வரணும். எங்க அவன்? கூப்பிடுங்கலே!"

இரண்டு பயல்கள் வயலுக்கு ஓடினார்கள். அண்ணாவி வெயிலில் அசையாமல் நின்றார். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. பிள்ளைகளும் நின்றார்கள். ஆவுடைக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டத்தில் ஒரு பயலின் மடியில் இருந்த பொரிகடலைப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐயம்பெருமாள் பிள்ளை வந்துவிட்டார். முழங்கால்வரை சேறு. ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது. துண்டு இடுப்புக்குப் போய்விட்டது. பிள்ளைகள் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டார்கள். அண்ணாவி திரும்பினார். கக்கத்தில் இருந்த பிரம்பு நழுவப் பார்த்ததால் அதைக் கையில் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை.

"ஏம்லே இவ்வளவு நேரம்?" என்றார்.

ஐயம்பெருமாள் பிள்ளையின் வலது கை நீண்டது. உள்ளங்கை விரிந்து மேலே பார்த்து நின்றது. தெரு முழுக்கப் பார்க்கிறது, பெற்ற பிள்ளை பார்க்கிறான், கட்டினவள் பார்க்கிறாள், மனுஷன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்! கூட்டத்தில் ஒரு பயல் களுக்கென்று சிரித்தான். அண்ணாவியே திகைத்துப்போய்ப் பிரம்பைப் பார்த்தார்.  ஞானம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது ஆவுடை அவள் பக்கத்தில் இல்லை. அப்பாவிடம் போய் ஒட்டி நின்றான். அவரை அண்ணாந்து பார்த்தான். அப்பா கையை நீட்டினால் யாரோ ஏதோ தரப்போகிறார்கள் என்றுதானே அர்த்தம்! அவனும் தன் வலது கையை அதேமாதிரி விரித்து நீட்டினான். அரிசியில் எழுதிய மாவு விரலில் இன்னும் ஒட்டியிருந்தது.

"அப்பா, என்ன தருவாவ?" என்று கேட்டான்.

ஐயம்பெருமாள் பிள்ளை குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். தன் கையையும் பார்த்தார். 

"ஒண்ணும் தர மாட்டாவ, லே" என்றார்.  "கைய மடக்கு."

பையன் மடக்கவில்லை. அவரே அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். பிறகு சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஞானம்பாள் வைத்திருந்த தாம்பாளத்திலிருந்து ஏட்டை எடுத்தார். இரண்டு கைகளாலும் அண்ணாவியிடம் நீட்டினார். தலை குனிந்துதான் இருந்தது. அப்போதாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கக்கூடாதா? சொல்லவில்லை. ஆனால் ஏட்டைப் பின்னுக்கு இழுக்கவும் இல்லை.

அண்ணாவி வாங்கிக்கொண்டார். மிதியடியைப் போட்டுக்கொண்டு நடந்தார். பிள்ளைகள் பாடுவதா வேண்டாமா என்று தெரியாமல் பின்னாலேயே போனார்கள்.

ஞானம்பாள் ஒரு நொடி வீணாக்கவில்லை. பிள்ளையைத் தூக்கி வண்டியில் போட்டு, தானும் ஏறிக்கொண்டு, "ஏறி ஓட்டுங்க" என்றாள். சேற்றுக் காலோடு ஐயம்பெருமாள் பிள்ளை ஏறி மாட்டைத் தட்டினார்.  பையன் பொரிகடலை தரவில்லையே என்று அழுதுகொண்டு வந்தான்.

வண்டி ஆற்றில் இறங்கும்போது ஞானம்பாள் திடுக்கிட்டு, "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்றாள்.

"என்னட்டி?"

"செம்ப மறந்துட்டேன். நடையிலேயே இருக்கு."

"திருப்பட்டுமா?"

அவள் ஊர்ப் பக்கம் பார்த்தாள், ஆற்றைப் பார்த்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த கணவரின் முதுகைப் பார்த்தாள்.

"வேண்டாம், ஓட்டுங்க. அவன் அந்தப் பானையிலேயே குடிக்கட்டும். திரும்பிப் போனா அங்கன யாராவது நிப்பாவ, நீங்க மறுபடியும் தலைய ஆட்டிருவிய."